புள்ளிக் கணக்கு

பள்ளத்தூரில் படம் வரவில்லை என்று கூப்பிட்டார்கள்.
போய்ப் பார்த்தால் டிவி நல்ல டிவிதான்.
பக்கத்தில் அழிரப்பர் போன்ற சாவிகளோடு
ஒரு கறுப்புப் பெட்டி.
ஈப்போவிலிருந்து அம்மான் அனுப்பியது,
அங்கே ஏற்கெனவே யாரோ தேய்த்தது.
கேசட்டைப் போட்டால் ஐந்து நிமிடம்
அரைத்த கண்ணாடியை மறுபடி அரைக்கிற சத்தம்,
பிறகு வெறும் திரை.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்:
டேப்பு ரிக்கார்டரின் தலையோரத் திருகு.
கால் சுற்று. காது வைத்துக் கேள். அரைக்கால் பின்னே.
கீச்சுக்குரல் கூராகிற இடத்தில் கையை எடுத்தேன்.
குகை வந்தது.

குகை என்றால் கோடுகள்.
கதவுக்குக் கூட்டல் குறி.
பகைவர் எல்லாம் ஆங்கில எழுத்துகள்.
வீரன் ஒரு புள்ளி.
கேசட்டு அட்டையில் பென்சிலில் இருந்ததே அவன் பேரும்:
ஆ செங்.
ஏழாம் படி, உயிர் நாற்பத்தொன்று, பொன் இருநூற்றுப் பன்னிரண்டு.
யாரோ பாதியில் விட்டுப்போன ஆள்.

சாவி தட்டுவது சோலையப்பன், பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம்.
அகராதியோடு அவன் அக்கா அடைக்கம்மை ஆச்சி,
வயது இருபத்தாறு.
அகராதியில் ட்ரோல் இல்லை.
"வட்டி வசூல் பண்றவன்னு வச்சுக்குவோம்.
பாலத்தடியில நின்னுக்கிட்டு
போறவன் வர்றவனை மறிக்கிறான்ல."

பேரேடும் ஆச்சிதான்.
மேலே பிள்ளையார் சுழி.
ஆ செங் வகையில்
வரவு: சாவி ஒன்று, ரொட்டி மூன்று.
பற்று: ஓநாய் கடித்து உயிர் ஆறு.
"இப்ப வாள் வாங்குனா அசல் எறங்கிரும். வேண்டாம்."
பத்து நாள் வெறுங்கையோடு நடந்தான் ஆ செங்.
ஈப்போக்காரன் இப்படி ஆடியிருக்கவே மாட்டான்.

இவ்வளவு சின்ன ஆளா, என்றேன் ஒரு ராத்திரி.
"எங்க கோயில் நோட்டுல
கல்யாணமாகி ரெண்டு பேர் சேந்தாத்தான் ஒரு புள்ளி.
அவக போனப்பறம் நான் அரைப்புள்ளி.
இவனைப் பாருங்க,
தனியா நின்னே முழுப்புள்ளி."
சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.
சோலை திரையை விட்டுத் திரும்பவில்லை.
ஸ்டெபிலைசர் டக்கென்றது.

ஆடியில் ஒரு வியாழன், ஒன்பதாம் படி,
பழைய பதிவின் மேல் புதுசைப் பதியும்போது
கரண்டு போனது.
வந்தபோது நாடாவில் பாதி நேற்று, பாதி இன்று.
திருகை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.
"நமக்குத் தீட்டு உண்டா?" என்றான் சோலை.
விளையாட்டாகத்தான் கேட்டான்,
ஆனால் யாரும் பதில் சொல்லவில்லை.

ஆச்சி ஈப்போவுக்குக் கடிதம் போட்டார்.
முப்பத்தெட்டாம் நாள் பதில்:
பழைய சாமான் கடையில் வாங்கியது,
யாருடையது என்று தெரியாது,
செங் என்ற பேர் இங்கே தெருவுக்கு நாலு.
ஏட்டில் கடைசி வரி எழுதினார்:
ஆ செங் இருப்பு, பொன் முந்நூற்று நாற்பது.
கேட்டு வந்தால் கொடுக்க.

ஆட்டம் மட்டும் இன்னொரு கேசட்டில் பத்திரமாக இருந்தது.
புதிதாகத் தொடங்கினால் பேர் கேட்கிறது.
சோலை தன் பேரைப் போடவில்லை.
ஆச்சி ஒரு சாவி வரை விரலைக் கொண்டுபோய் எடுத்துக்கொண்டார்.
"டிவிக்காரரே, ஒங்க பேரு என்ன?"

ஐந்து மாதமாய் வந்து போகிறேன்.

சவரிமுத்து, என்றேன்.
ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாய்த் தேடித் தட்டினார்.
எட்டெழுத்துக்கு மேல் அது வாங்கவில்லை.
சவரிமு.
உயிர் பன்னிரண்டு. பொன் இல்லை. வாள் இல்லை.

புதுப் பக்கம் புரட்டி, சுழி போடப் போன பேனா
தாளைத் தொடாமல் நின்றது.
"ஒங்க ஆளுக மேல என்ன போடுவீக?"
சிலுவை, என்றேன்.
சின்னதாக ஒன்று போட்டார்.
அகலமும் உயரமும் ஒன்றாகிப் போய்
கூட்டல் குறி மாதிரி இருந்தது.

"சோலை," என்றார், "தெக்கால போ."