அறை காலி இல்லை

எனிஸ்டைமனுக்கு வெளியே, மேட்டு வளைவில்,
எங்கள் வீட்டு வாசலில் ஆடும் பலகைக்கு
இரண்டு முகம்:
அறை உண்டு. அறை காலி இல்லை.
இருபத்திரண்டு கோடையாய்
அதைத் திருப்பிப் போடப் போய்வந்ததுதான்
நான் போன நெடும்பயணம்.

டிங்கிளுக்குப் போகிறவர்களுக்கு
கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்வேன்.
கில்லிமரில் படகு, காரோடு ஏறலாம்,
இருபது நிமிஷத்தில் டார்பர்ட்.
பலகையில் டிங்கிள் என்று தேடாதீர்கள்,
அன் டாங்கன் என்றிருக்கும்.
மலைக் கணவாயில் எதிரே வண்டி வந்தால்
யார் பின்னால் எடுப்பது என்பதைச்
சிரித்தபடியே முடிவு செய்யுங்கள்.
மூடிய கண்ணை
அங்கே போய்த் திறந்ததில்லை ஒருநாளும்.

இப்போது பிப்ரவரி. மழை பக்கவாட்டில் பெய்கிறது.
விருந்தாளிகள் விட்டுப்போன வரைபடங்களைச்
சமையலறை மேஜையில் விரித்திருக்கிறேன்.
ஸ்டுட்கார்ட் தம்பதியுடையதில்
அளவுகோல் வைத்து இழுத்த சிவப்புக் கோடு.
இந்த நாட்டில் எந்தச் சாலையும்
கோடு போட்டபடி போவதில்லை என்று
மூன்றாம் நாள் அவர்களுக்குப் புரிந்த இடத்தில்
ஒரு காப்பி வட்டம்.
லியோனிலிருந்து வந்தவளுடையது
மடிப்பில் கிழிந்து, கெரி மாவட்டம்
இரண்டாகக் கிடக்கிறது.
இன்னொன்றின் ஓரத்தில் யாரோ ஒரு பையன்
வழியில் பார்த்த ஆடுகளை எண்ணிக் கோடு கிழித்திருக்கிறான்,
நானூற்றுப் பதினொன்று வரை.
அப்புறம் தூங்கிப்போயிருப்பான்.

"ஜூலையிலா?" என்கிறார் மாலக்கி.
"காற்றுள்ள மாசத்தில் தூற்றாமல்
ஊர் சுற்றப் போவார்களா?"
நான்கு அறை, எட்டு இரவு,
மின்கட்டண உறையின் முதுகில்
போகப்போகும் யூரோவைக் கூட்டுகிறார்.
பெட்ரோலைச் சேர்க்கிறார்.
ஸ்கோடாவின் கிளட்சைச் சேர்த்து, பெருமூச்சு விடுகிறார்.
பிறகு பென்சிலைக் காதில் செருகி,
"அலிஹீஸில் செப்புச் சுரங்கம் இருந்ததாமே"
என்று கிழிந்த கெரிக்குக் கீழே
ஒரு விரலை வைக்கிறார்.

அந்த விரல் போதும் எனக்கு.
லிஸ்டோவெலில் டீ. ட்ரலீயில் நிற்கவே கூடாது,
ஃபிலோமினா பார்த்தால் மூன்று நாள் விடமாட்டாள்.
கென்மேரில் இரண்டு ராத்திரி.

கென்மேருக்குப் போன் போட்டேன்.
எடுத்தவள் குரலில் என் குரல்:
மாவுக் கையோடு, தோளுக்கும் காதுக்கும் நடுவே
போனை இடுக்கிக்கொண்டு பேசுகிறவளின் மூச்சு.
பின்னால் சலவை இயந்திரம்
கடைசிச் சுற்றில் அதிர்ந்தது.
இரட்டைப் படுக்கை விரிப்பு, நான்கு ஜோடி,
சத்தத்திலேயே சொல்லிவிடுவேன்.
குளிர்காலத்திலும் ஆள் வருகிறதா அவளுக்கு,
இல்லை, என்னைப்போல் சும்மாவேனும் துவைக்கிறாளா?

தேதி சொன்னேன். அட்ராக்டா என்றேன்.
எழுத்துக் கூட்டச் சொன்னாள், கூட்டினேன்.
"காலையில் முட்டை எப்படி வேண்டும்?
பொரித்தா, அவித்தா, கலக்கியா?
இப்போதே எழுதி வைத்துக்கொள்வது என் பழக்கம்."

யாருக்கு மஞ்சள் கரு இளக வேண்டும்,
யாருக்குத் தட்டில் ஓடவே கூடாது,
யார் வெள்ளையை மட்டும் தின்பார்,
எத்தனையோ முகம் மறந்தும்
இதெல்லாம் மறக்கவில்லை எனக்கு.
வாயைத் திறந்தேன்.
ஒன்றும் வரவில்லை.

"அவசரமில்லை," என்றாள்,
"வந்து சொல்லுங்கள்.
ஜூலை எங்கேயோ கிடக்கிறது."

"என்ன கேட்டாள்?" என்றார் மாலக்கி.
"முட்டை."
"நீ என்ன சொன்னாய்?"
"தெரியாது என்றேன்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
காதிலிருந்து பென்சிலை எடுத்து,
உறையில், கிளட்சுக்குக் கீழே,
முட்டை என்று எழுதினார்.
பக்கத்தில் தொகை எதுவும் போடவில்லை.