மூன்றாம் காட்சி, கடைசி வண்டி

சாவதற்கு ஒத்துக்கொள்ளவில்லை டென்னிசன்.
கருங்கலில், வில்பிரெடின் ரப்பர் ஷீட் குடோனில்,
திருவிழாவுக்குப் பதினோரு நாள் இருக்கையில்,
மூன்றாம் காட்சியில் குத்துப்பட்ட ராசா
முப்பத்தெட்டு நிமிடமாக நின்றுகொண்டிருக்கிறார்.

எழுதியதில் அவருக்கு நாலே வரி.
எனக்குத் தெரியும், நான்தான் ஷீட்டுகளுக்குப் பின்னால்
நோட்டும் டார்ச்சுமாக வசனம் எடுத்துக்கொடுப்பவன்.
மூன்றாவது வரிக்கே இன்னும் வரவில்லை.
நாலாவதற்குக் கீழே தாளில் ஒன்றுமில்லை,
ஒரு சாயாக் கிளாஸின் வட்டம் தவிர.
ராசா அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.

நாட்டுக்கு விடை சொன்னார். குதிரைக்குச் சொன்னார்.
நாடகத்திலேயே இல்லாத ஒரு தங்கச்சிக்குச் சொல்லி அழுதார்.
மைக்செட்டுக்குப் பணம் அவர் கொடுத்தது.
ஆகவே ஜெபமணி வாத்தியார்
குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிறார்.
வார் இல்லாத செருப்பு.

குத்திய தளபதி சோபனராஜ்
காக்கிச் சட்டைக்குமேல் எண்ணெய்த் தகரக் கவசம்.
குளச்சல் போகும் கடைசி வண்டிக்கு அவன்தான் கண்டக்டர்.
வண்டி வாசலில் உறுமுகிறது.
"சாவும் ஓய்" என்று வசனத்தில் இல்லாததைச் சொல்லி
இன்னொரு தடவை குத்தினான்.
இரண்டாம் காயத்துக்கும் ராசா
முதலிலிருந்து தொடங்கினார்.

ஹாரன் அடித்து அலுத்த டிரைவர் உள்ளே வந்தார்.
பின்னாலேயே பயணிகள்.
ஷிப்ட் முடிந்த நர்ஸ், மரச்சீனிக் கட்டோடு ஒருவர்,
காலிச் சருவத்தைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்த மரியதங்கம்.
"மக்கா, எனக்க மீனு செத்தே பத்து மணிக்கூர் ஆச்சு,
நீ இன்னும் சாகல்லியா?"

அப்போது கரண்ட் போனது.
இருட்டில் எல்லாத் தலையும் ராசா பக்கம் திரும்பியதை
என்னால் உணர முடிந்தது.
பகலில் அவர் மின்வாரியக் கவுண்டரில் பில் வாங்குகிறவர்.
கம்பிக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடம்,
"சில்லறை இருக்கா?" என்ற ஒரே வசனம்.
நான் பாவம் பார்த்து டார்ச்சை அவர் முகத்தில் அடித்தேன்.
அது தப்பு.
வெளிச்சம் கிடைத்ததும் குரல் ஏறிவிட்டது.

மிச்சத்தை வண்டியில் வைத்துக்கொள்ளலாம் என்றார் வாத்தியார்.
கிரீடம் மேல்கம்பியில் மாட்டி விடுபட்டது.
நர்ஸ் ராசாவுக்கு ஜன்னலோர இருக்கை கொடுத்தாள்,
எப்படியும் சாகப்போகிறவர்தானே.
பாலப்பள்ளம் தாண்டியும் பேச்சு நிற்கவில்லை.
மரியதங்கம் தூங்கிவிட்டாள்.

கவசத்தைக் கழற்றாமலே ஒவ்வொரு இருக்கையாக வந்த சோபனராஜ்
வாயிலிருந்து விசிலை எடுத்து,
"டிக்கெட். சில்லறையாட்டு தாரும்" என்றான்.

ராசா நெஞ்சைப் பிடித்தார்.
நாலாவது வரியைக்கூடச் சொல்லவில்லை.
கண் செருக, தலை கம்பியில் சாய,
ஒரு கை மெல்ல மடியிலிருந்து வழுகித் தொங்கியது.
அத்தனை சுத்தமான சாவை
நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை.
வண்டியே கைதட்டியது. வாத்தியார் கண்ணைத் துடைத்தார்.
சோபனராஜ் மட்டும் பிணத்தின் அங்கிக்குள்
பையைத் தேடிக்கொண்டிருந்தான்.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
நோட்டில் சாயா வட்டத்துக்குள் எழுதினேன்:
திருவிழா அன்று, இந்த இடத்தில்,
டிக்கெட் கேட்கவும்.