ஒன்று

டூங்காபி கிளினிக்கில்
இரத்தப் பரிசோதனைத் தாளை என் பக்கம் திருப்பினார் டொக்டர் லின்.
ஈரலுக்கு நூற்றுப் பன்னிரண்டு.
அருகே மேல்நோக்கி ஒரு சிவப்பு அம்பு.

"கொலஸ்ட்ரோல் குளிசையால் வந்ததோ?"
ஆசையோடுதான் கேட்டேன்.
பழியை அந்த இளஞ்சிவப்புப் பொட்டின் தலையில் கட்டிவிட்டு
வெயிலுக்குள் இறங்கி நடக்கலாம் என்றிருந்தேன்.
"இருக்கலாம். நாளுக்கு எத்தனை குடிப்பீர்கள்?"
"ஒன்று."

பொய்யில்லை.
குளிர்க் கிடங்கில் இரவெல்லாம் பெட்டி அடுக்கிவிட்டு வந்தால்
ஒரு கிளாஸ். இரண்டாம் முறை மூடியைத் திருகியதில்லை.
அதில் எனக்கொரு கர்வம்கூட.

இருமல் மருந்து ஊற்றும் பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றைத் தந்தார்,
முப்பது மில்லியில் பேனையால் கோடு கீறி.
"இதுதான் ஒன்று. ஆறு கிழமையில் திரும்ப வாருங்கள்."

சனி இரவு, தவராசாவின் கராஜ்.
கிரிக்கெட் ஓடுகிறது, சத்தமில்லாமல்.
பேப்பர் தட்டில் ஆட்டீரல் பிரட்டல், மிளகு தூக்கல்.
"எனக்குப் பத்து மில்லிகிராம்." "எனக்கு நாற்பது."
குளிசையிலும் போட்டி.
நான் கிண்ணத்தை எடுத்து வைத்தேன். சிரித்தார்கள்.
அவரவர் ஒன்றை ஊற்றி அளந்தோம்.
என் ஒன்று, மூன்று.
யோகேந்திரனின் ஒன்று, நாலும் ஒரு சொட்டும்.
"கிண்ணம் பிழையடாப்பா" என்றான் தவராசா,
தன்னுடையதை இரண்டு தரம் அளந்துவிட்டு.
பத்மசிறி மட்டும் கிளாஸின் வாயைக் கையால் மூடிக்கொண்டான்.
"பிறகு பாப்பம்."
அதன்பின் ஒருவரும் சிரிக்கவில்லை.
தட்டில் பிரட்டல் ஆறிப்போனது.

ஈரக்குலை நடுங்குது என்போம்,
பேய்க்கும், பொலிசுக்கும், நடுச்சாமத் தொலைபேசிக்கும்.
என்னுடையது இத்தனை வருடத்தில் ஒருமுறை நடுங்கியிருந்தால்
என்னவென்று கேட்டிருப்பேன்.
அது நோகவில்லை. வேலை செய்துகொண்டிருந்தது,
கிடங்கில் என்னைப்போல,
வருவதையெல்லாம் இறக்கி, ஏற்றி.

இன்றைக்கும் குடித்தேன்.
குளிசையையும் விழுங்கினேன், சிவமலர் பார்த்திருக்க.
குசினிக் கலண்டரில் 1 என்று எழுதினேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் பேனையை மூடவில்லை.
ஒன்றின் மேலேயே மூன்றை எழுதினேன், அழுத்தி.
அதன் வால்
நேற்றைய கட்டத்துக்குள் போய்விட்டது.