புறக்கணிக்கலாம்

இருபத்திரண்டு வருடம்
அவர் வகுப்புக்குப் பக்கத்துப் பட்டறையில்
இரும்பு கடைந்தேன்.
சுவர் மெல்லியது.
பாதிப் பாடம் எனக்கும் வந்து சேரும்.

கரும்பலகையில் சாக்பீஸ் ஓடும், நிற்கும்,
ஒரு கோடு இழுபடும்.
பிறகு பேராசிரியர் ஒதீலியா கர்வாச்சோவின் குரல்:
"இந்த உறுப்பு மிகச் சிறியது. புறக்கணிக்கலாம்."

கன்செப்சியோனில் ஜூன் மழை பிடித்த நாளில்
வேலையை விட்டார்.
ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒன்பது வருடம் இருந்தது.
துறைத்தலைவர் ஒரு பேனா கொடுத்தார்.
கேக் வெட்டினார்கள்.
காரணம் யாரும் கேட்கவில்லை.

நான் கேட்டேன்.
கைப்பையிலிருந்து ஒரு பித்தளை அடைப்பானை எடுத்து
என் லேத்தின்மேல் வைத்தார்.
முந்தின வருடம் நானே கடைந்து கொடுத்தது.
உள்ளே ஒரு குழிவு, குழிவில் ஓர் எஃகுக் குண்டு.
பூமி உதறினால் குண்டு உருண்டு
எரிவாயுக் குழாயின் வாயை அடைக்கும்.
மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம்.
"கட்டுரையாக எழுதினேன்,
பதினொரு பேர் படித்தார்கள்" என்றார்.

தல்காவானோவில்
மீன் ஆலைக்குப் பின்னால் ஒரு கொட்டகை.
வாடகை குறைவு, வாடை இலவசம்.
வங்கியில் ஓர் இளைஞன்,
அவரிடமே வெப்பவியலில் இரண்டு முறை தோற்றவன்,
கூட்டல் தெரியாதவருக்குச் சொல்வதுபோல்
கூட்டுவட்டியை விளக்கினான்.
அவர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

முதல் நாற்பதும் ரொட்டிக்கடைகளுக்குப் போயின.
இரண்டாம் வாரம், பிற்பகல் மூன்று மணி,
தொலைபேசியில் எர்மெனெகில்தோ:
"சென்யோரா, அடுப்பு அணைந்துவிட்டது.
பூமி அசையவே இல்லை.
மாவு புளித்துப் பொங்கி
மேசையைத் தாண்டி வருகிறது."
அங்கே மாவில் புளித்தது
இங்கே அவர் வயிற்றில் கரைந்தது.

கடை வாசலில் நாற்காலி போட்டு
மூன்று நாள் உட்கார்ந்தார்.
மூன்றாம் நாள் சிலிண்டர் லாரி வந்தது.
எங்கள் ஊர் சிலிண்டர்காரன் கூவமாட்டான்,
கம்பியால் தட்டுவான்.
டங், டங் என்று தட்டிக்கொண்டே
ஒன்றை இறக்கி, உருட்டி,
தொம்மென்று சுவரில் சாய்த்தான்.
அடைப்பான் மாட்டிய அதே சுவர்.
உள்ளே அடுப்பு அணைந்தது.

சிரித்தாரா என்று பின்னாளில் பலர் கேட்டார்கள்.
இல்லை. ஒரு வசைச்சொல் சொன்னாராம்,
எர்மெனெகில்தோவே சிலுவை போட்டுக்கொள்ளும் அளவுக்கு.
மெல்லிய சுவர் வழியே
நான் ஒருநாளும் கேட்டிராதது.

அன்றிரவு என்னைக் கூப்பிட்டார்.
"குழிவு அரை மில்லிமீட்டர் ஆழமாக வேண்டும்.
நீங்களும் வேண்டும்."
சம்பளம் எவ்வளவு என்றேன்.
"மிகச் சிறியது" என்று தொடங்கி
வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டார்.
போனேன்.

அப்புறம் அடித்துத் தள்ளிய உறுப்புகளெல்லாம்
ஒவ்வொன்றாக வந்து வாசலில் நின்றன.
ரப்பர் வளையத்தில் கடலுப்பு.
சுங்கத்தாளில் விடுபட்ட ஒரு முத்திரை.
குண்டின்மேல் குடும்பம் நடத்திய சிலந்தி.
ஒரு மார்ச்சில் அவர் காரை விற்றார்,
ஏப்ரலில் எங்களுக்குச் சம்பளம் வந்தது.
மடியில் பெட்டியோடு பேருந்தில் வந்து இறங்குவார்.
அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

ஐந்தாம் வருடம் ஒரு செப்டம்பர் இரவு அசைந்தது.
பெரிதில்லை, செய்தியில் இரண்டு வரி.
எண்ணூற்றுப் பன்னிரண்டு அடைப்பான்கள்.
விடிவதற்குள் எல்லோரையும் அழைத்து எண்ணினோம்.
எண்ணூற்றொன்பது மூடியிருந்தன.
நான் புட்டியைத் திறந்தேன்.
அவர் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.
"அந்த மூன்றும் எந்தத் தெரு?"

முதல் வீட்டில் அது பூட்டப்படவேயில்லை,
இழுப்பறையில் டப்பாவுக்குள் தூங்கியது.
இரண்டாவதில், திருகைக் கழற்றிய ஒரு சிறுமி
குண்டை எடுத்துக் கோலி ஆடியிருந்தாள்.
நல்ல குண்டு என்று எங்களிடமே சொன்னாள்.
மூன்றாவதில் ஒரு குறையும் இல்லை.
நூறு முறை உலுக்கினோம், நூறு முறையும் மூடியது.
அன்று மட்டும் ஏன் மூடவில்லை,
தெரியாது.

அதை அவர் மேசையில் வைத்திருக்கிறார்.
காகிதம் பறக்காமலிருக்க என்று
வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.