நாலு உள்ளங்கை

பரந்தன் சந்தி தாண்டி, நெல் லொறிகள் ஒதுங்கும் இடத்தில் கடை.
காரை ஜாக்கில் ஏற்றிவிட்டுச் சுகிர்தன் கேட்டான்:
"எந்தப் பருவத்துக்கு, டொக்டர்?"

இங்கே இருப்பது இரண்டு.
தார் உருகிச் செருப்பில் ஒட்டும் காலம்.
இரணைமடுவின் வான்கதவைத் திறக்கும் காலம்.
இரண்டையும் தாங்குவதாய் ஒன்று காட்டும் என்றேன்.

கார் ஜேர்மன்காரனுடையது. பேமிற்றில் வந்து,
கொழும்பில் இருவர் கைமாறி,
பத்தாம் வயதில் என்னிடம் வந்தது.
உள்ளே முந்நூறு குதிரை என்கிறார்கள்.
முந்நூறையும் பூட்டிக்கொண்டு
விசுவமடுவில் மாடுகளுக்கு வழிவிட்டு நிற்பேன்.

பழைய ரயர்
காற்றுப் போனாலும் ஓடும் ரகம்.
அதை நம்பி, உபரிச் சில்லு வைக்காமலே
காரைச் செய்திருக்கிறார்கள்.
கார்த்திகையில், உடையார்கட்டுக்குக் கிட்ட, இரவு ஒன்றரைக்கு,
ஒரு குழி அதன் கன்னத்தைக் கிழித்தது.
தியேட்டரில் ஒருத்தி வயிறு திறக்கக் காத்திருந்தாள்.
அவளை மயக்க நான் போகவேண்டும்.
மிளகாய் ஏற்றி வந்த பட்டா ஒன்றில் போய்ச் சேர்ந்தேன்
தும்மிக்கொண்டே.

சுகிர்தன் இரண்டை உருட்டி வந்தான்.
"இது சூட்டுக்குப் பசை மாதிரிப் பிடிக்கும்.
ஆனா அழிறப்பர் மாதிரித் தேயும்."
மற்றதன் பக்கச் சுவரில்
மூன்று முகடுள்ள மலை, விரல்நுனி அளவில்.
அதன் வயிற்றில் ஒரு பனிப்பூ.
"மலையும் இல்லை, பனியும் இல்லை.
எண்டாலும் தண்ணி வெட்டி ஓடும், பாருங்கோ வாய்க்காலை."

ஒஸ்லோவில் தங்கை வருடம் இருமுறை ரயர் மாற்றுகிறாள்.
கழற்றியதை வைக்க அங்கே விடுதி உண்டு.
பனிக்காலம் முழுக்கக் கோடை ரயர்கள்
வாடகை கொடுத்துத் தூங்கும்.
சொன்னேன்.
"ரயருக்கு விடுதியோ" என்று சிரித்தவன்
பாதியில் நிறுத்தி
நட்டைத் துடைத்தான்.

விலை சொன்னான்.
காதில் விழாததுபோல் குனிந்து நாலு இலக்கத்தை வாசித்தேன்:
இருபத்துமூன்றாம் ஆண்டு, பதினோராம் வாரம்.
ரயருக்குப் பிறந்த வாரம் தெரிகிறது.
என் மேசையில் படுப்பவர்களிடம் வயது கேட்டால்
"அந்தப் பெட்டி மாத்தளனில விட்டது, டொக்டர்."
ஒரு குத்துமதிப்பில்தான்
மருந்தை அளக்கிறேன்.

"பின்னுக்கு அகலம், முன்னுக்கு ஒடுக்கம். இடம் மாத்திப் போடேலாது.
நான் சொல்லுறன், நாலையும் ஒரே அளவாக்குங்கோ.
றிம்மில ஒரு இஞ்சி குறைச்சு
ரயரின்ரை கன்னத்தைக் கொழுக்க விடுங்கோ.
பிறேக்கில முட்டாது, அளந்திட்டன்.
வடிவு குறையும். முதுகு பிழைக்கும்.
டிக்கியில அஞ்சாவதும் கிடக்கட்டும்."

வடிவு என்றதும் கொஞ்சம் நின்றேன்.
பொய் சொல்லக்கூடாது.
அந்தப் பெரிய றிம்முக்காகத்தான் முதலில் காரைப் பார்த்தேன்.

அவன் சோக் கட்டி எடுத்துச் சீமெந்தில் வட்டம் போட்டான்.
"முழுக் காரும் றோட்டைத் தொடுறது இவ்வளவுதான், ஒவ்வொண்டும்."
கையை வைத்துப் பார்த்தேன்.
உள்ளங்கைக்குச் சரியாக இருந்தது.
இரண்டு தொன் இரும்பு, நாலு உள்ளங்கை.
இதிலும் சிறிய இடத்தில் ஒட்டிக்கொண்டு
ஆட்கள் இரவு முழுக்க இந்தப் பக்கம் நிற்பதை
என் மொனிற்றரில் பார்த்திருக்கிறேன்.

பனிப்பூவையே போடச் சொன்னேன்.

பழையதுகளில் பொடியன் ஒருவன் துளையிட்டுக்கொண்டிருந்தான்,
தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகினால்
சுகாதாரப் பரிசோதகர் வழக்கு எழுதுவார் என்று.
"முதல் நூறு மைல் மெதுவா, டொக்டர். புதுசு வழுக்கும்."

தருமபுரத்தில் தூறல் தொடங்கியது.
விசுவமடு தாண்டி, விளக்கில்லாத இருட்டில்,
இருட்டின் ஒரு துண்டு எழுந்து நின்றது.
எருமை.
மிதித்தேன்.
நாலு கையும் தார்றோட்டைப் பற்றின.

அது என்னைப் பார்த்தது.
மூச்சு கண்ணாடியில் படும் தூரம்.
பிறகு, தன் பாட்டில்,
வயல் பக்கம் இறங்கியது.

தங்கைக்கு எழுதினேன்: போட்டாச்சு.
உடனே பதில் வந்தது:
இங்கை இண்டைக்கு முதல் பனி.