மூன்றாம் பாலம்

லேமிங்டன் ரோட்டில் ஏழு கடை ஏறி இறங்கிவிட்டோம்.
எட்டாவது கடைக்காரன் இந்தியில் கேட்டான்:
"எத்தனை பேர் ஆடுவீங்க?"

விலை சொல்வான், தவணை வேணுமா என்பான் என்று
எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன்.
இதற்கு இல்லை.

முகில் விரலால் தன்னைக் காட்டினான்.
கொஞ்சம் யோசித்து
அக்காவையும்.
சொர்ணா பத்தாம் வகுப்பு. மார்ச் வரைக்கும்
தன்னை யாரும் எண்ணக்கூடாது என்றாள்.
பேச்சி வெளியே நின்று
சாண்ட்விச்காரனிடம் சட்னி குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.
அவளை யாரும் கேட்கவில்லை.
நானும்தான்.

கண்ணாடி மேல் மூன்று பெட்டிகள் வந்தன.
கறுப்பு, கட்டில் கால் உயரம்.
அதில் மழை பெய்தால்
தெருவில் ஈரம் மினுங்குவது தெரியுமாம்.
முகிலுக்கு அதுதான்.
கிங் சர்க்கிளில் இடுப்பளவு ஈரம் பார்த்தவனுக்கு
அந்த விலை கொடுத்து
இன்னொரு மழை வேண்டியிருக்கவில்லை.

கையடக்கமானது ஒன்று.
"டிவியே வேண்டாம், ஒரு மூலை போதும்" என்றான்.
இருநூற்றிருபத்தைந்து சதுர அடியில் ஏது மூலை?
அரிசி டிரம் ஒன்றை எடுத்துக்கொண்டது,
பிரிட்ஜ் ஒன்றை.
மற்ற இரண்டிலும் சொர்ணாவின் கைடுகள்.
ஆனாலும் நான் பயந்தது அதற்கில்லை.
கைக்குள் அடங்குகிற பெட்டிக்குள்
ஒரு பிள்ளை போய்விட்டால்
எந்தக் கதவைத் தட்டுவது?

கடைசியில் வெள்ளை.
யாரோ ஒரு பிள்ளை முன்பே ஆடியது.
பொத்தான் ஒன்றில் எழுத்து தேய்ந்திருந்தது.
விலை பாதி,
வாரண்ட்டி கடைக்காரனின் சிரிப்பு.
மூன்று மாத ஓவர்டைமுக்குப் பிறகும்
இரண்டாயிரம் உதைத்தது.
பேச்சியின் சீட்டுப் பணத்தில் எடுத்தேன்.
அதற்கு மட்டும் அவளைக் கேட்டேன்.

கிராண்ட் ரோட்டில் ஏறி, தாதரில் மாறி,
சயான் வரைக்கும்
தலைகளுக்கு மேல் கைமாறி வந்தது பெட்டி.
ஒரு மராட்டிக்காரர் தன் நாலாம் சீட்டை
எனக்குத் தரவில்லை,
பெட்டிக்குத் தந்தார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால்
எங்கள் டிவியின் முதுகில் அந்த ஓட்டையே இல்லை.
சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று மூன்று
வேறேதோ காலத்துக்காகத் திறந்து கிடந்தன.
முகில் அழவில்லை.
அட்டைப்பெட்டி மேல் தலை வைத்துத் தூங்கிப்போனான்.
மறுநாள் முந்நூற்றைம்பதுக்கு ஒரு மாற்றி வாங்கினேன்.
படம் கொஞ்சம் சவலைதான். ஆனாலும் நடந்தது.

மஞ்சள் குல்லாய்ப் பையன் ஒருவன்
பாலம் பாலமாகத் தாவிப் போக வேண்டும்.
மூன்றாம் பாலத்தில் ஒரு பலகை பொய்.
எட்டு நாளாக முகில் அதில் விழுந்தான்.
ஞாயிற்றுக்கிழமை நான் விழுந்தேன்.
யாரும் எண்ணக்கூடாதவள்
தண்ணீர் குடிக்க வந்தவள்போல வந்து
நாலு தடவை விழுந்துவிட்டுப் போனாள்.

பேச்சிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில்
இரண்டாம் ஷிப்ட்.
ஒருநாள் ராத்திரி ஒரு மணிக்கு
சடக் சடக் என்று ஏதோ சத்தம்.
எலி என்று செருப்பைத் தேடினேன்.

ஒலியை மூடிவிட்டு
தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.
மூக்கு நுனியில் கண்ணாடி, பல்லுக்கு நடுவே நாக்கு.
பதினாறு வருஷத்தில் அந்த முகத்தை
இரண்டு நேரம்தான் பார்த்திருக்கிறேன்:
ஊசியில் நூல் கோக்கும்போது ஒன்று.
மற்றதைச் சொல்ல மாட்டேன்.

விழுந்தாள். விழுந்தாள்.
"சவமே" என்று பலகையை வைதாள், மெதுவாக,
பிள்ளைகள் விழிக்காதபடி.
பிறகு தாவுவதை விட்டுவிட்டு
பாலத்துக்கு அடியில் இருந்த சங்கிலியைப் பிடித்துத்
தொங்கியே போனாள்.
எட்டு இருபத்தாறு லோக்கலில் தொங்கிப் பழகின கை.
சங்கிலி தொங்குவது
எங்கள் யார் கண்ணிலும் பட்டிருக்கவில்லை.

இருட்டில் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.
கூப்பிட்டிருக்கலாம். தோன்றவில்லை.

காலையில் முகில் கத்தினான்:
"அப்பா, பாலம் தாண்டியிருக்கு! தானா ஆடுது!"
சொர்ணா என்னைப் பார்த்தாள்.
நான் பேச்சியைப் பார்த்தேன்.
டிபன் மூடியை அழுத்திக்கொண்டிருந்தாள்,
கட்டைவிரல் சிவந்திருந்தது.

"செகண்ட் ஹேண்ட் மிஷின்லா," என்றாள்.
"அப்படித்தான் இருக்கும்."