ஆருமில்லை

கந்தர்மடச் சந்தி, ஹாட்வெயர் கடைக்கு மேல்மாடி,
நில அளவையாளர் கந்தோர். ஒன்பதே கால்.
கௌரிதாசன் அண்ணை திரையை நகத்தால் தட்டுகிறார்:
அனுமதி மறுக்கப்பட்டது.
"பதினொரு வருசமா நான் கீறின பிளான், பிள்ளை.
எனக்கே மறுக்குதாம்."

கோப்பு கண்முன்னே கிடக்கிறது.
பேர் தெரிகிறது, பருமன் தெரிகிறது,
சேமித்த திகதிகூடத் தெரிகிறது.
சொடுக்கினால் மட்டும் அந்த ஒற்றை வரி.
பின்னறையில் சேர்வர் தன்பாட்டில் உறுமுகிறது.
கேபிளைக் கழற்றிப் பூட்டினேன். பிங் போட்டேன்.
கூப்பிட்ட ஒவ்வொரு தரமும்
ஓம், ஓம், ஓம் என்றது.

வாங்கில் ஒரு அம்மா. மயிலிட்டி.
மடியில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் இன்னொரு உறை.
பிளானின் பிரதியோடு
பதினொரு மணிக்கு அவ வங்கியில் நிற்கவேண்டும்.
அவவின் பக்கம் திரும்பாமல் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

"மூண்டு ஏழைப் போட்டுவிடன், எல்லாருக்கும் திறக்கும்."
போனில் நிலாஜினி, கொழும்பிலிருந்து.
அது பொட்டு வைக்கிறதில்லையடி,
வேலியைக் கதியாலோடு பிடுங்கி எறியிறது.
அங்கால நாலாயிரம் பேரின்ரை காணி கிடக்கு.

றூட் ஆனேன்.
இந்த மெசினில் எனக்கு மேலே ஒருவரும் இல்லை.
எதையும் திறப்பேன், எவரையும் அழிப்பேன்,
கேட்க நாதியில்லை.
கம்பியைத் தாண்டினேன்.
சேர்வர் என் கிரீடத்தை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டு
ஆருமில்லை என்று பதிந்துகொண்டது.
ஆருமில்லைக்கும் அங்கே ஓர் எண் இருக்கிறது:
அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று முப்பத்து நாலு.
அந்த எண்ணோடு
கௌரிதாசன் அண்ணைக்குப் பக்கத்தில் நின்றேன்.
இரண்டு பேருக்கும் ஒரே வரி.

பிறகுதான் பேரை விட்டுவிட்டு எண்ணைப் பார்த்தேன்.
போன கிழமை வந்த லப்டொப்
அண்ணைக்கு ஆயிரத்தொன்று கொடுத்திருக்கிறது.
சேர்வரில் அவர் ஆயிரத்து நாலு.
அங்கே ஆயிரத்தொன்று என்றால் றெஜினோல்ட்,
மூன்று வருசத்துக்கு முதல் கனடா போனவன்.
அவன் விட்டுப்போன விசா விண்ணப்பம்,
அரைவாசியில் நின்ற ராஜினாமாக் கடிதம்,
எல்லாம் அண்ணைக்கு உடனே திறக்கின்றன.
தன்னுடையது மட்டும் இல்லை.

"அப்ப என்ரை பேர்?"
பேர் எங்களுக்கு, அண்ணை. அதுக்கு எண் மட்டும்தான்.
"பேர் சரியாத்தானே கிடக்கு," என்றார் திரும்பவும்,
பிழை என்னில் என்பதுபோல.

எண்ணை மாற்றினேன். லப்டொப்பில் கிடந்த
அவருடைய கோப்புகள் ஒவ்வொன்றுக்கும்
புது உரிமையாளரைச் சொன்னேன், அதே ஆள்தான்.
வெளியேற்றி, மவுண்டைக் கழற்றி, திரும்பக் கொழுவினேன்.

வாங்கிலிருந்து குரல் வந்தது.
"எனக்கும் உதுதான், பிள்ளை."
உள் உறையிலிருந்து இரண்டு அடையாள அட்டை.
பழையதில் ஒன்பது இலக்கம், கடைசியில் ஒரு வீ.
புதியதில் பன்னிரண்டு.
உறுதியில் பழசு. வங்கிப் புத்தகத்தில் புதுசு.
"ரெண்டும் ரெண்டு பேராம்.
நான்தான் நான் எண்டு விதானையிட்ட
எழுதி வாங்கி வரட்டாம்."
வாங்கினீங்களோ?
"வாங்கினன். அதில பேரில எழுத்துப் பிழை."

கௌரிதாசன் அண்ணை சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்.
அதற்குள் பிளான் திறந்துவிட்டது,
ஒரு சத்தமும் இல்லாமல்,
ஒருநாளும் பூட்டியே இருக்காததுபோல.

பிரிண்டர் சூடாகும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம்.
தாள் வந்ததும் அவ கண்ணாடியைப் போட்டு
வடக்கு எல்லையை மட்டும் வாசித்தா.
பாதை. பிறகு கிணற்றுப் பங்கு, எட்டிலொன்று.
"ஓம், சரி."
மடிக்காமல் சுருட்டி ரப்பர் போட்டுக்கொண்டா.

பத்து நாப்பது. படியில் செருப்புச் சத்தம்.
வெள்ளை டேப் கிழித்து ஆயிரத்து நாலு என்றெழுதி
லப்டொப்பின் வயிற்றில் ஒட்டினேன்.
றூட் ஜன்னல் இன்னும் திறந்து கிடந்தது.
வெளியேறு என்று அடித்தேன்.
நீ யார் என்று கேட்டதும் காட்டியது:
அபிரதி, ஆயிரத்திரண்டு.
சேர்வரிலும் அதுதானா என்று
ஒருக்கால் பார்த்துக்கொண்டேன்.